தட்டில் ஏறாத பாட்டு

கொழும்பு கேட்ட பாட்டு – 17

இதுவரை: பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன்ஸ், கரையோரப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற தாளத்துக்குச் சிங்களச் சொல்லைக் கட்டி பைலாவை மேடைக்குக் கொண்டுவந்தார். 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவைத் தொடங்கினார். ஜெரால்ட் விக்கிரமசூரிய 'சூரிய' முத்திரையோடு அந்த இளைஞர்களை இசைத்தட்டில் ஏற்றினார். அதே காலத்தில் தமிழ் இளைஞர் கையிலும் கிற்றார் ஏறிவிட்டது. இந்த வாரம், அவர்களுடைய பாட்டைக் கேட்டவர்களின் பக்கம் திரும்புவோம்.

* * *

பழைய பாட்டுகளின் தொகுப்பு ஒன்று கையில் கிடைத்ததும் அந்தக் காலத்து நேயர் தட்டை உடனே சுழலவிடுவதில்லை. அட்டையைத் திருப்பிப் பின்புறத்துப் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவார். கடைசி வரியில் விரல் நிற்கும். "அந்தப் பாட்டு எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் அபிப்பிராயம். அடுத்தவை அதற்குப் பிறகுதான் வரும்: இது முதலில் பாடிய குரல் இல்லை, பின்னாளில் கீபோர்ட்டோடு திருப்பிப் பாடியது, இந்தப் பாட்டில் இடையில் ஓர் அடி குறைகிறது, இந்தப் பெயர் பிழை. தொகுப்பாளர்களுக்கு இந்தக் குறைகள் எரிச்சலூட்டும். விமர்சகர்கள் இதைக் கிழவர்களின் முணுமுணுப்பு என்று கடந்துபோவார்கள். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையைப் பொறுத்தமட்டில் அந்த முணுமுணுப்பே நமக்கு எஞ்சியிருக்கும் முதன்மையான ஆவணம் என்பது என் வாதம். தட்டில் ஏறியது அந்த இசையின் ஒரு பகுதி மட்டுமே. மீதி, கேட்டவர்களின் காதில்தான் இருக்கிறது.

பாரிஸில் இயங்கும் 'அக்குஃபோன்' என்ற இசைத்தட்டு நிறுவனம் அண்மைக் காலத்தில் இலங்கைப் பாட்டுகளைத் தொகுத்து, 'சிங்கள, தமிழ் நாட்டார் பொப்பிசையின் பொற்காலம்' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. நல்ல வேலை. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் நம் பாட்டைத் தேடிக் கேட்டிருக்கிறார் என்பதே மகிழ்ச்சி. ஆனாலும் அந்தத் தலைப்பில் இரண்டு சொற்களை நான் நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்று 'நாட்டார்'. ஹார்மனியும் கிற்றாரும் பொங்கோவும் வைத்து, கல்லூரி மாணவரும் ஆசிரியரும் அலுவலக ஊழியரும் பாடிய பாட்டு அது. அதை நாட்டார் பாட்டு என்றால், பாடியவர் பெயர் தெரியாத, யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றைப் போலாகிவிடும். மற்றது 'பொற்காலம்'. பொற்காலம் என்றாலே முடிந்துபோனது என்று அர்த்தம். முடித்தது எது என்ற கேள்விக்குத் தட்டின் அட்டையில் இடமிருக்காது.

* * *

சற்று லண்டனுக்குப் போய் வருவோம். நம் கதைக்கு அங்கே ஓர் உரைகல் இருக்கிறது.

1971 மார்ச்சில் 'ரி. ரெக்ஸ்' குழுவின் மார்க் போலன், கண்ணுக்குக் கீழே மினுக்கம் பூசிக்கொண்டு பி.பி.சி.யின் 'ரொப் ஒஃப் த பொப்ஸ்' நிகழ்ச்சியில் பாடினார். அடுத்த ஆண்டு ஜூலை 6ஆம் திகதி ஒளிபரப்பான அதே நிகழ்ச்சியில் டேவிட் போவி வானவில் நிற உடையோடு 'ஸ்ரார்மேன்' பாடினார். கிளாம் ரொக் என்று பெயர் பெற்ற அந்த அலை பளபளப்பான உடை, உயரக் குதி வைத்த சப்பாத்து, மூன்று நிமிடப் பாட்டு என்று பரவியது. நீண்ட எல்.பி. தட்டுகளை ஆழ்ந்து கேட்டு மதிப்பிட்ட விமர்சகர்கள் பலருக்கு இது பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரமாகத்தான் பட்டது. பிள்ளைகளோ சிறிய தட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். அந்த வரும்படியைக் கண்டு தொகுப்புத் தட்டுக்காரர்கள் வந்தார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கிய 'கே-ரெல்' நிறுவனம் 1972இல் பிரித்தானியாவில் வெளியிட்ட '20 டைனமிக் ஹிற்ஸ்' தட்டு, எல்.பி. விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது.

அந்த இருபது என்ற எண்ணைக் கவனியுங்கள். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலித்தரத்தோடு பதியக்கூடியது ஏறத்தாழ இருபது நிமிடங்கள். பத்துப் பாட்டை அங்கே அடைக்க வேண்டுமானால் வழி இரண்டுதான். பாட்டைக் கத்தரிப்பது ஒன்று. தட்டின் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டுவது மற்றது. வரி நெருங்கினால் ஊசி ஆடுவதற்கு இடம் குறையும். ஒலி மெலியும், பறையின் அடி சோரும். ஆகவே, கே-ரெல் தட்டைக் கேட்டுவிட்டு "பாட்டு எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது, சத்தமும் காணாது" என்று சொன்ன நேயர் வெறுமனே குறை சொல்லவில்லை. தட்டின் பௌதிகத்தையே காதால் அளந்திருக்கிறார்.

தொகுப்பு என்ற வடிவத்தின் மீது பட்டியல் போட்டவர்களுக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. 1971இல், பெயர் தெரியாத கூலிப் பாடகர்களை வைத்துப் பிரபல பாட்டுகளைத் திருப்பிப் பாடவைத்த மலிவுத் தட்டுகள் பிரித்தானிய எல்.பி. பட்டியலில் முதலிடம் பிடித்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த ரகம் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. 1989 ஜனவரியில் பல பாடகர் சேர்ந்த தொகுப்புகள் அனைத்தும் தனிப் பட்டியலுக்கு நகர்த்தப்பட்டன. வாங்கியவரின் விருப்பம் எண்ணிக்கையில் தெரிந்த பிறகும் அதை வேறு வரிசையில் நிறுத்தினார்கள். ஆனாலும் லண்டனில் எண்ணிக்கை என்ற ஒன்று இருந்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது வாரம் எந்த இடத்தில் நின்றது என்பதை இன்றும் புரட்டிப் பார்க்கலாம். கொழும்பில் அதுவும் இல்லை.

* * *

1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானது. 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாக மாறியிருந்த இலங்கை வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பூண்டது. போவி வானவில் உடையில் தோன்றுவதற்குச் சில வாரங்களே இருந்தன. இங்கேயோ வேறு விதமான நெருக்கடி. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் புகை அடங்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரின் வயிற்றைக் கலக்கியது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்பட்டது. இந்த அடைப்பைப் பலர் இருண்ட காலம் என்றே நினைவுகூர்வார்கள். பாணுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது முழு உண்மை. ஆனால் கதவு பாதி அடைபட்ட வீட்டில்தான் உள்ளே இருப்பவரின் குரல் கேட்கும். உள்ளூர்ச் சஞ்சிகையும் உள்ளூர்ப் படமும் உள்ளூர்ப் பாட்டும் மூச்சுவிட்டது அந்த ஆண்டுகளில்தான்.

பாட்டு வந்த வழி இது. திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ், 'உனக்குத் தெரியுமா' என்ற பாட்டை இசைத்தட்டில் பதித்து, இங்கிருந்தும் தமிழில் தட்டு வரும் என்று காட்டியிருந்தார். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாட்டுகள் அவருடையவை. தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று பலரும் அழைப்பது அவரைத்தான். ஏ. ஈ. மனோகரன் வந்ததும் மேடை தீப்பிடித்தது. அவருக்கு மக்கள் கொடுத்த பட்டம் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி'. மேடையில் பாடகர் அசையாமல் நின்று பாடுவதே மரியாதை என்றிருந்த காலத்தில் அவர் ஆடிக்கொண்டே பாடினார். தமிழுக்குக் கிடைத்த கிளாம் என்று ஒன்றைச் சொன்னால் அது அந்த மேடைதான்.

மேடையிலிருந்து பாட்டு வீட்டுக்குள் வந்த வாசல் வானொலி. எஸ். பி. மயில்வாகனம் வர்த்தக சேவையில் தமிழ் அறிவிப்புக்கு ஒரு துள்ளலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அதை வளர்த்தார்கள். நேயர் கையில் இருந்தது தபால் அட்டை. அந்த அட்டையைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். மேலே நிகழ்ச்சியின் பெயர். கீழே படத்தின் பெயர், பாட்டின் முதலடி, பாடியவர். அதன் கீழே, கோடு விட்ட இடமெல்லாம் நுணுக்கி நுணுக்கி, வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் ஓரத்தில் ஏறும். வானொலியில் தன் பெயர் ஒலிப்பதைக் கேட்பதற்காகவே எழுதியவர்கள் உண்டு. இந்த அட்டையில் பொப் பாட்டுக்கு ஒரு சிக்கல். அதற்குப் படம் கிடையாது. சினிமாப் பாட்டைக் கேட்பவர் படத்தின் பெயரை எழுதினால் போதும். மற்றதை அறிவிப்பாளர் பார்த்துக்கொள்வார். படமில்லாத பாட்டுக்கு, பாடியவனின் பெயரை நேயரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுவரொட்டியும் நட்சத்திரமும் கொட்டகையும் தூக்கி நிறுத்தாத பாட்டை, ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்துக் கேட்டு எழுதிய அட்டைக்கு, கே-ரெல் விற்ற தட்டைவிடக் கூடுதல் கனம் இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

* * *

இங்கே ஒரு மறுப்பு எழும். வானொலி போட்டதைத்தானே மக்கள் கேட்டார்கள்? அறிவிப்பாளர் விரும்பியது நேயர் விருப்பமாகிவிட்டது என்று ஏன் கொள்ளக்கூடாது?

கொள்ளலாம், ஓரளவுக்கு. அறிவிப்பாளரின் குரலுக்கு அந்தச் சக்தி இருந்தது. ஆனால் வானொலி அதிகமாகப் போட்டது தென்னிந்தியச் சினிமாப் பாட்டை. விளம்பரதாரர் பணம் கொட்டியதும் அதற்குத்தான். கூட்டுத்தாபனமே அக்கறையோடு வளர்த்த இன்னொரு வகையும் இருந்தது: மெல்லிசை. நல்ல கவிஞர்களின் வரிகள், பயின்ற குரல்கள், ஆர். முத்துசாமி போன்ற தேர்ந்த இசையமைப்பாளர்கள், சுத்தமான கலையகப் பதிவு. நான் மதிக்கும் பாட்டுகள் அவற்றில் பல. நிறுவனத்தின் தள்ளுதல்தான் பாட்டை நிலைநிறுத்தும் என்றால், இன்றைக்கு ரொறொன்ரோவிலும் மெல்பேர்னிலும் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைதான் ஒலிக்க வேண்டும். ஒலிப்பது 'சின்ன மாமியே'. அந்தப் பாட்டில் ஒரு பெடியன் மாமியிடம் மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி மறுமொழி சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அது யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சு. சென்னைச் சினிமாவின் காதலனும் காதலியும் பேசிய தமிழையே பாட்டின் தமிழ் என்று பழகிய காது, தன் வீட்டுச் சொல்லை முதன்முறையாகத் தாளத்தோடு கேட்டது. நேயர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

அடுத்த மறுப்பு கனமானது. இது இரவல் இசை; பைலாவிலும் மேற்கத்தேயத் தாளத்திலும் கடன் வாங்கியது; கள்ளுக்கடையையும் மாமி மகளையும் பாடுவது இசைக்கு இழிவு. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கச்சேரி கேட்ட உத்தியோகத்தர் குடும்பங்களின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கோபம் விளங்கும். அவர்களுக்குக் கர்நாடக இசை வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. தலைநகரில் தங்கள் பண்பாட்டை நிலைநாட்டும் அடையாளமாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. துறைமுகத்தை அண்டிய தெருக்களில் கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும், தமிழ் பேசும் செட்டிகளும் பரதர்களும் கலந்து வாழ்ந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் திருநாளுக்கு ஊரே திரளும். பைலாவின் அடி அங்கே விருந்தாளியாக வந்ததில்லை, வீட்டுப் பிள்ளைதான்.

இன்னும் கிழக்கே வாருங்கள். பேஸ்லைன் வீதி ஓடிவந்து அவிசாவளை வீதியைத் தொடும் இடம் ஒருகொடவத்தை. கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கிராண்ட்பாஸ் என்று உழைப்பாளிகளின் குடியிருப்புகள் சூழ்ந்த சந்தி. இந்தப் பக்கத்தில் ஒருவன் காலையில் தேத்தண்ணீர்க் கடையில் சிங்களம் பேசி, வேலைத்தளத்தில் இரண்டும் பேசி, வீட்டுக்குத் திரும்பித் தமிழ் பேசுவது விசேஷமான திறமையல்ல, அன்றாட நடப்பு. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி'யைக் கொண்டுவந்து இந்தச் சந்தியில் வைத்துப் பாருங்கள். சிங்களப் பெயர் கொண்ட பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தி சிங்களத்தில் வருகிறது. பாட்டு தமிழுக்குத் தாவுகிறது. மொழியின் தூய்மையை அளக்கப் போனவருக்கு இது கலப்படம். ஒருகொடவத்தையின் காதுக்கோ, இரண்டு மொழி மாறி மாறி வருவது பேச்சின் இயல்பான நடை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாட்டில், மொழிக் கொதிப்பு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இரு தரப்பும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு இருந்தது. இதை இரவல் என்று தள்ளுவது எப்படி? இது இந்த ஊரின் நிலத்தில் மட்டுமே முளைக்கக்கூடிய பாட்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதைப் பாடியபோது கடனின் திசையே திரும்பியது. பாக்குநீரிணையைத் தாண்டிப் பாட்டு வடக்கே போனது.

நினைவு பிசகும் என்பதும் ஒரு மறுப்புத்தான். பிசகும். எந்தப் பாட்டை யார் முதலில் பாடியது, எந்த ஆண்டு என்பதில் பழைய நேயர்கள் ஒருவரோடொருவர் முரண்படுவார்கள். ஆனால் பிழை எங்கே நேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டும் உரிமையும் வழுக்குகின்றன. சொல்லும் மெட்டும் அதைக் கேட்ட இடமும் வழுக்குவது குறைவு. தட்டின் பிழை இதற்கு நேர்மாறானது. அதில் ஆண்டும் நிறுவனமும் அச்சிட்டபடி இருக்கும். மேடையில் மட்டும் பாடப்பட்டதும், வானொலியின் நாடாவில் மட்டும் பதிந்ததும், பணமில்லாமல் தட்டுக்கே போகாததும் அதில் இருக்காது. நாற்பத்தைந்து சுற்றுத் தட்டு ஒன்றில் இரண்டு பாட்டு, மிஞ்சினால் நான்கு. ஒரு மேடை இரவில் இருபது பாட்டு. அந்த இருபதிலிருந்து நான்கைத் தேர்ந்தது முதலாளியின் கணக்கு. பிறகு அந்த நான்கிலிருந்து, கீறல் விழாமல் தப்பிப் பிழைத்ததைத் தொகுப்பாளர் எடுக்கிறார். இரண்டு சல்லடை தாண்டி வந்ததைக் காட்டி இதுதான் பொற்காலம் என்றால், முதல் இரவிலேயே மேடைக்கு முன்னால் நின்றவர் "அந்தப் பாட்டு எங்கே" என்று கேட்பது நியாயம்தானே. தொகுப்பவர்கள் அவரைத் தேடிப்போய்க் கேட்டிருக்க வேண்டும். அவருடைய முணுமுணுப்பைப் பதிந்து தட்டோடு சேர்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டுகிறது. 2018 ஜனவரி 22ஆம் திகதி மனோகரனே சென்னையில் கண்ணை மூடிவிட்டார்.

* * *

திருப்பம் 1977 ஜூலையில் வந்தது.

ஜே. ஆர். ஜயவர்தன பெரும்பான்மையோடு ஆட்சியைப் பிடித்தார். அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. ஆண்டு முடிவதற்குள் பொருளாதாரக் கதவு அகலத் திறந்தது. துறைமுகத்தில் வந்து இறங்கிய சாமான்களோடு கசற் ரேப்றெக்கோடரும் வந்தது. நாடாவில் பாட்டை வீட்டிலேயே பிரதி எடுக்க முடிந்தது. இனி அட்டை எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தால் பின்னேரம் கசற் தயார். நேயரே தொகுப்பாளரானார், கேட்டவர் விருப்பம் முதன்முறையாக முழுதாகத் தட்டை வென்றது. ஆனால் அதே கதவால் இந்தியச் சினிமாப் பாட்டும் மேற்கத்தேயப் பாட்டும் தடையின்றிப் புகுந்தன. உள்ளூர்ப் பாடகனுக்குக் கிடைத்துவந்த அந்தப் பாதி அடைப்பின் நிழல் போய்விட்டது. 1978இல் 'வாடைக்காற்று' படத்தில் நடித்த மனோகரனும் தமிழகப் படவுலகின் பக்கம் திரும்பினார். 1981 ஜூன் 1ஆம் திகதி விடிந்தபோது யாழ்ப்பாண நூலகம் சாம்பல். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன, ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிந்து, படச்சுருள்கள் தீயோடு போயின. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலுமாரித் தட்டில் அடுக்கியிருந்த நாற்பத்தைந்து சுற்றுத் தட்டுகளை யாரும் கணக்கெடுத்ததில்லை. அகதி முகாமுக்குப் போனவர்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஆனாலும் பாட்டு போனது. கப்பலில் காங்கேசன்துறைக்கு, பிறகு சென்னைக்கு, ஐரோப்பாவுக்கு, கனடாவுக்கு, வாயில் ஏறிப் போனது. அதே ஆண்டுகளில் வடக்கின் இளைஞர்கள் வேறு பாட்டுகளைப் பாடத் தொடங்கியிருந்தார்கள். அவற்றில் மாமியும் இல்லை, மகளும் இல்லை, சுராங்கனியும் இல்லை. மேடைக்கு முன்னால் நின்று கைதட்டிய அதே தலைமுறை, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இந்தத் துள்ளலை விட்டு அந்தப் பாட்டுக்குப் போனது எப்படி? துள்ளலைக் கைவிட்டார்களா, அல்லது அதன் தாளத்தை எடுத்துக்கொண்டுதான் போனார்களா?

(அடுத்த வாரம் தொடரும்)